கல்லுப் பஞ்சு

மச்சாள்,

இன்று காலை லிப்டின் கதவு திறந்ததும் அந்த மணம் வந்தது. பாரிசின் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் நான் இருக்கிற இந்தக் கட்டடத்தின் வெளிச்சுவர்களுக்குக் குளிர்காப்புப் போடுகிறார்கள். கீழ்த்தளத்தில் வேலையாட்கள் பிளாஸ்திக் உறைகளைக் கிழித்து, மங்கிய பச்சை நிறக் கட்டுகளைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கல்லைப் பொடித்து வெயிலில் காயவைத்தது போன்ற வறண்ட மணம். அடியில் இலேசாக ஒரு புளித்த வாடை. நான் கடைக்குப் போகவில்லை. அப்படியே திரும்பி மேலே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் ஒரு மாரிக்குளிர் கழிந்துவிட்டது. நான் அழவில்லை என்று சொந்தக்காரர் எல்லோரும் கதைத்திருக்கிறார்கள். அது உண்மை. துக்கம் இல்லை என்றில்லை. கையுறை இல்லாமல் பனிக்குள் நடந்து வந்தால் விரல் இருப்பது தெரியும், ஆனால் தொட்டால் தெரியாது. அப்படித்தான் இருக்கிறது.

நீங்கள் பாரிசுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில், ஒரு மாரியின் கடைசியில். எண்பத்துமூன்றில், கொழும்பில் தமிழர் வீடுகளை எரித்த அந்த ஆடி மாதம், உங்கள் வீட்டுக்கும் நெருப்பு வைத்தார்கள். உங்கள் கணவர், என்னுடைய அண்ணை, அதில் போய்விட்டார். நீங்கள் தப்பினீர்கள். எப்படித் தப்பினீர்கள் என்று உங்கள் கடிதங்களில் இல்லை. நாங்களும் கேட்டு எழுதவில்லை. விமான நிலையத்தில் உங்களைக் கண்டபோது நான் கட்டிப்பிடித்தேன். நீங்கள் என் முதுகில் இரண்டு தரம் தட்டினீர்கள், பயணம் வந்தவள் நான் என்பது போல.

அப்போது நாங்கள் லாச்சப்பலில், ரூ காய் என்ற வீதிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தோம். கூரை சரிந்த இரண்டு அறைகள். தலைக்கு மேல் மெல்லிய பலகை, அதற்கு மேல் துத்தநாகத் தகடு, அதற்கு மேல் வானம். மாரியில் மூச்சு ஆவியாய்த் தெரியும். கோப்பையில் வைத்த தண்ணீர் விடிய பனி ஏடு கட்டியிருக்கும். என்னுடைய மகள் அப்போது கைக்குழந்தை. அவளுக்கு நெஞ்சுச் சளி விடவேயில்லை. இன்னொரு மாரி இப்படிப் போனால் பிள்ளையின் நுரையீரல் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

நீங்கள் கட்டிலில் படுக்கவில்லை. முதல் கிழமை பயணக் களைப்பு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நீங்கள் வாசல் கதவோரம் நாற்காலியைப் போட்டு, சப்பாத்தைக் கழற்றாமல், இருந்தபடியே உறங்குகிறீர்கள். "கட்டில் கிடக்குத்தானே மச்சாள்" என்று ஒரு நாள் சொன்னேன். "இஞ்சை நல்லாக் கிடக்கு" என்றீர்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அண்ணையின் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று நான் பயந்தேன். நீங்களும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தீர்களோ தெரியாது.

கோடை முடியும்போது வீட்டுச் சொந்தக்காரி என் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். இரண்டாம் மாடியில் இருந்த வயதான பிரெஞ்சு மனுசி; நல்லவள். அவளுடைய மருமகன் வீட்டுத் திருத்தத்தில் மிஞ்சிய பொலிஸ்திரேன் பலகைகள் நிலவறையில் கிடக்கின்றனவாம். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடைத்து வருமே, அந்த வெள்ளைச் சாமான். எடுத்துக் கூரையின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்றாள். இவருக்குச் சந்தோசம். ஒரு பலகையைத் தோளில் வைத்து மாடி ஏறி வந்தார்.

நீங்கள் அதைத் தடவிப் பார்த்தீர்கள். ஒரு மூலையை உடைத்தீர்கள். குசினிக்குள் போய் காஸ் அடுப்பைப் பற்றவைத்து, அந்தத் துண்டைக் கத்தி நுனியில் குத்திச் சுடரில் பிடித்தீர்கள். அது பற்றிக்கொண்டது. உருகி, சொட்டுச் சொட்டாய் எரிந்தபடி விழுந்தது. கறுத்த புகை. நான் ஓடி வந்து யன்னலைத் திறந்தேன்.

"உது இஞ்சை வேண்டாம்" என்றீர்கள்.

இவர் வாசலில் நின்றார். "மச்சாள், இது சும்மா கிடைக்கிற சாமான். பலகையாலை மூடிப்போட்டா ஒண்டும் செய்யாது. பிள்ளைக்கு எப்பிடியும் குளிர் நிக்கோணுமெல்லே?"

"பிள்ளைக்குக் குளிர் நிக்கத்தான் வேணும். ஆனா உதைத் தலைக்கு மேலை ஒட்டினா நான் இந்த வீட்டிலை இருக்க மாட்டன், தம்பி."

நீங்கள் சத்தமாய்ச் சொல்லவில்லை. வந்த நாள் முதல் நீங்கள் சொன்ன ஆக நீளமான கதை அதுதான். இவர் பலகையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வேறு சாமான் வாங்கித் தரக் கேட்டார். வீட்டுக்காரி கொஞ்சம் முணுமுணுத்தாள். பிறகு, விலை அதிகம் இல்லாததாய்ப் பார்த்துக்கொண்டு வாருங்கள், என் கணக்கில் எழுதச் சொல்கிறேன் என்று கட்டடச் சாமான் கடையொன்றைச் சொல்லி அனுப்பினாள்.

இவருக்கு உணவகத்தில் வேலை. நீங்களும் நானும்தான் போனோம். பிள்ளையைச் சால்வையால் என் இடுப்போடு கட்டியிருந்தேன். போர்த் து லாச்சப்பல் பக்கம், ரயில் பாதைகளுக்கு அருகே, மரமும் சீமெந்தும் மணக்கிற ஒரு பெரிய கொட்டகை. சாம்பல் நிற மேலங்கி போட்ட ஒரு நடுவயதுக்காரர் வந்தார். என்னுடைய பிரெஞ்சு அப்போது சந்தைப் பிரெஞ்சு. கூரை, குளிர், பிள்ளை என்று மூன்று சொல்லைச் சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது.

இரண்டு வகை காட்டினார். ஒன்று மஞ்சள், மெதுவானது, பாரம் இல்லை: லேன் து வேர். கண்ணாடியை உருக்கி நூலாக்கியது. மற்றது பச்சையும் மண்ணிறமும் கலந்தது, கையில் எடுத்தால் கனக்கும்: லேன் து ரோஷ். எரிமலைக் கல்லை உருக்கி நூலாக்கியது. நான் சொல்லச் சொல்ல, "கண்ணாடிப் பஞ்சு, கல்லுப் பஞ்சு" என்று நீங்கள் பெயர் வைத்தீர்கள்.

"சரிவுக் கூரைக்கு நான் கல்லுப் பஞ்சைத்தான் சொல்வேன்" என்றார் அவர். "கூரையின் மரச்சட்டங்களுக்கு நடுவில் வைத்தால் தொய்ந்து விழாது. மழைச் சத்தமும் குறையும். மஞ்சள் மலிவு. குளிருக்கு இரண்டும் நல்லதுதான்."

"எரியுமோ எண்டு கேளும்" என்றீர்கள்.

கேட்டேன். அவர் சிரித்தார். உள்ளே போய், குழாய்களைச் சூடாக்கி ஒட்டுகிற காஸ் விளக்கைக் கொண்டு வந்தார். முதலில் மஞ்சளில் நீலச் சுடரைப் பிடித்தார். தீப்பிடிக்கவில்லை. ஆனால் நூல்கள் சுருங்கி உருகி, நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. பிறகு கல்லுப் பஞ்சில் பிடித்தார். அந்த இடம் சிவந்தது. சிவந்தபடி அப்படியே நின்றது.

அப்போதுதான் நீங்கள் முன்னால் போனீர்கள். அந்தத் துண்டின் பின்பக்கத்தில், சுடருக்கு நேர் எதிரே, உள்ளங்கையை விரித்து வைத்தீர்கள். கடைக்காரர் திடுக்கிட்டு விளக்கை இழுத்தார். "இல்லை, பிடிக்கச் சொல்லும்" என்றீர்கள் தமிழில். நான் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கித் திரும்பப் பிடித்தார். அந்தப் பக்கம் நெருப்பு உறுமியது. இந்தப் பக்கம் உங்கள் கை அசையவில்லை.

"சுடேல்லை" என்றீர்கள்.

பிறகு, கையை எடுக்காமல், என்னைப் பாராமல் சொன்னீர்கள். "உம்மடை அண்ணை கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். வெளியிலை நிண்டு அவங்கள் தள்ளுறாங்கள். கதவு எரியத் துவங்கீட்டுது. நான் பின்மதில் ஏறிக் குதிக்குமட்டும் அவர் கையை எடுக்கேல்லை."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மச்சாள். பிள்ளை என் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் அதன் விரலை விடுவித்தேன்.

"மதாம் என்ன சொல்கிறார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இதையே எடுக்கிறோமாம்" என்றேன்.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. விற்கிற கட்டுகளின் ஒரு முகத்தில் தவிட்டு நிறக் காகிதம் ஒட்டியிருந்தது. நீங்கள் அதைக் காட்டினீர்கள். அவர் சுடரைக் காட்ட, காகிதம் படபடவென்று பிடித்துக்கொண்டது. நீங்கள் இரண்டடி பின்னால் போனீர்கள். "காகிதம் இல்லாதது தரச் சொல்லும்."

அவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாய் விளங்கப்படுத்தினார். சமைக்கிற ஆவியும் நாங்கள் விடுகிற மூச்சும் மேலே போகும். குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீராகும். பஞ்சு நனைந்தால் குளிரைத் தடுக்காது, கூரை மரமும் உக்கிப்போகும். ஆவியை மறிக்கத்தான் அந்தக் காகிதம். எப்போதும் அறைப் பக்கம், சூட்டுப் பக்கம் பார்த்தபடி வைக்க வேண்டும். அதற்குமேல் சுண்ணப் பலகை அடித்து மூடினால், கீழே நெருப்பு வந்தாலும் முதலில் அந்தப் பலகையைத்தான் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றாய் உங்களுக்குச் சொன்னேன்.

நீங்கள் கட்டின் மேல் கையை வைத்தீர்கள். "அப்ப முழுக்க எரியாத வீடு எண்டு ஒண்டும் இல்லை" என்றீர்கள். பிறகு பிள்ளையைப் பார்த்தீர்கள். அது இருமியது. "சரி. இதையே எடும். பலகையையும் எடும். தடிச்சதாய்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பேருமாய்த் தொடங்கினோம். பிள்ளையைக் கீழே வீட்டுக்காரியிடம் விட்டோம். வாயைச் சுற்றி ஈரத்துணி, நீளக் கை வைத்த பழைய உடுப்பு. இருந்தும் இரண்டு நாள் உடம்பெல்லாம் தினவு. பாண் வெட்டுகிற கத்தியால் நீங்கள்தான் வெட்டினீர்கள், சட்டங்களின் இடைவெளியை விடக் கொஞ்சம் அகலமாய், தானே இறுகி நிற்கும்படி. தகட்டுப் பக்கம் காற்றோட இடம் விட்டீர்கள். புகைபோக்கியைச் சுற்றிக் காகிதத்தை உரித்தெடுத்தீர்கள். இவர் ஒரு துண்டை இடித்து உள்ளே திணித்தார்.

"அமத்தாதேங்கோ தம்பி. உள்ளுக்கை காத்து நிண்டாத்தான் குளிரை மறிக்குமாம். அமத்தினா வெறும் கல்லுத்தான்."

இவர் இழுத்துத் தளர்த்தினார். நீங்கள் சிரித்த மாதிரி இருந்தது. துணிக்கு மேலே கண்தான் தெரிந்தது, அதனால் நிச்சயமாய்ச் சொல்ல முடியாது.

அந்த மாரி பொல்லாதது. கால்வாய் உறைந்தது. எங்கள் கோப்பைத் தண்ணீர் உறையவில்லை. மகளின் இருமல் மெல்ல மெல்ல விட்டது. தகட்டில் விழுகிற மழை, பக்கத்துத் தெருவில் பெய்கிறது போலக் கேட்டது. நீங்கள் மட்டும் நாற்காலியில்தான். கூரையால் அது மாறும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போல. மாறவில்லை. பிறகு தைப்பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் சந்தையால் வந்தேன். கதவோரம் நாற்காலி வெறுமையாய் இருந்தது. நீங்கள் சரிவுக்குக் கீழே, கட்டிலில், மகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தீர்கள். வெறுங்கால். வாய் திறந்து நித்திரை. நான் மரக்கறிப் பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். சமைக்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் பாணும் வெண்ணெயும்தான் சாப்பிட்டோம்.

பிறகு வாழ்க்கை தன் பாட்டில் போனது. நாங்கள் சார்செலுக்கு மாறினோம், பிறகு இங்கே. நீங்கள் தையல் வேலைக்குப் போனீர்கள், தனிவீடு எடுத்தீர்கள், ஞாயிறுகளில் ஆர்ஈஆர் ரயில் ஏறி வந்தீர்கள். அண்ணையைப் பற்றி நாங்கள் திரும்பவும் பேசவில்லை. ஒருதரம் பேசினால் போதும் என்ற மாதிரி.

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு இனி நாள் இல்லை என்றானதும், நான் இவரிடம் இடுகாட்டில் ஒரு நிலம் பார்க்கச் சொன்னேன். எங்கள் ஆட்களில் சிலர் கேட்டார்கள், சைவக்காரரைப் புதைக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று. உங்களை நெருப்புக்குக் கொடுக்க என்னால் ஏலாது என்று மட்டும் தெரிந்தது. எப்படியோ அது உங்கள் காதுக்குப் போய்விட்டது.

"நிலம் பாக்கிறீராம்" என்றீர்கள். குரல் மிகவும் சின்னதாகியிருந்தது.

"ஓம், மச்சாள்."

"ஏன்? எனக்குப் பயம் எண்டோ?"

நான் உங்கள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"விசர்க்கதை. செத்த உடம்பை எரிக்கிறதிலை என்ன கிடக்கு? உயிரோடை இருக்கிற ஆக்களைத்தான் எரிக்கக் கூடாது. வழமையாச் செய்யிற மாதிரிச் செய்யுங்கோ."

அப்படியே செய்தோம். ஐயர் பாடினார். திரை மூடியது. தகன உலையின் பொத்தானை யாராவது அழுத்த வேண்டும் என்றார்கள். இவர் அழுத்தினார். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது மகள்தான் கார் ஓட்டினாள். நானும் அவளும் தனியே. வழக்கம் போலப் பிரெஞ்சில் கேட்டாள், மாமா உண்மையில் எப்படிச் செத்தார் என்று. சிறுவயதிலிருந்து அவளுக்குச் சொன்னது 'கலவரத்தில்' என்ற ஒரு சொல்தான். நான் நீங்கள் சொன்னதைச் சொன்னேன், நீங்கள் சொன்ன மாதிரியே, தமிழில். அவள் காரை ஓரத்தில் நிறுத்தினாள்.

"அம்மம்மாக்குத் தெரியுமோ?" தமிழில்தான் கேட்டாள்.

"இல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்பாக்கும்."

"ஏன்?"

"தெரியேல்லை, பிள்ளை."

லொறிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இனி எனக்கும் தெரியும்" என்றாள்.

அண்ணையின் கடைசி நேரத்தைப் பற்றி என்னிடம் இருப்பது நீங்கள் சொன்ன அந்த நாலு வசனம் மட்டும்தான். இத்தனை வருசமும் அதைத் தனியே வைத்திருந்தேன். இப்போது நாங்கள் இரண்டு பேர் வைத்திருக்கிறோம். அழுகை இன்னும் வரவில்லை, மச்சாள். அன்று காரில் அவள் அழுதாள். நான் பக்கத்தில் இருந்து, அவள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.