கசியாத குழாய்

மார்ச் 4

லிந்தன் தெரு சமூகக்கூடத்தில் குடியிருப்போர் கூட்டம். ஏழரைக்கு என்று சொல்லிவிட்டு ஏழே முக்காலுக்குத் தொடங்கினார்கள். காப்பிக்கு ஒரே ஒரு பிஸ்கட். நகராட்சியில் சேர்ந்த இரண்டு வருடத்தில் நான் தனியாக நடத்தும் முதல் தெரு இது. அறுபது வருடப் பழைய கான்கிரீட் கழிவுநீர்க் குழாயை எடுத்துவிட்டு, சொட்டுக்கூடக் கசியாத பிளாஸ்டிக் குழாய் போடுகிறோம். அது முடிந்ததும் கூடத்தையும் புதுப்பிக்கிறார்கள்: கூரை, சமையலறை, சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை, நிலவறை.

கேள்வி நேரம். வண்டி நிறுத்த இடம், வண்டி நிறுத்த இடம், மறுபடியும் வண்டி நிறுத்த இடம். கடைசியில் ஹம்ப்ரி எழுந்தார். சூரினாமில் பிறந்தவர், கூடத்தின் நிலவறையில் இருபது வருடமாகக் குத்துச்சண்டைக் கழகம் நடத்துகிறவர்.

"தம்பி, நாங்க கீழ புது மரத்தரை போடப்போறோம். உங்க குழாயால தண்ணி வருமா?"

"வராது. நிலத்தடி நீர் தெருவுக்கு நூத்தி நாப்பது சென்டிமீட்டர் கீழ இருக்கு. உங்க தரை நூத்திப்பத்துல. இடையில முப்பது."

"நிச்சயமா?"

"நானே அளந்தேன்."

கூடத்தின் நிர்வாகி டினெக்கே அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார். ஒரு கேள்வியாவது உருப்படியாக வந்ததே.

ஏப்ரல் 9

வரைபடத்தில் கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் துளையிட்ட வடிகால் குழாய் ஒன்றும் இருக்கிறது. நிலத்தடி நீர் ஏறினால் இழுத்துக்கொண்டுபோவதற்கு. நீர்மட்டம்தான் அவ்வளவு கீழே கிடக்கிறதே, எதற்கு? நீக்கிவிட்டேன். மூன்று வாரம் மிச்சம். என் மேலாளர் எவர்ட் தோளில் தட்டினார். அவர் யார் தோளிலும் தட்டுகிறவர் இல்லை.

ஜூன் 21

கடைசி இணைப்பு. அழுத்தச் சோதனையில் முள் அசையவே இல்லை.

செப்டம்பர் 14

கூடம் திறந்தார்கள். உரைகள் நீளம். நிலவறையில் பீச் என்ற வெளிர்நிற மரத்தில் தரை, கண்ணாடி மாதிரி. செருப்போடு யார் இறங்கினாலும் ஹம்ப்ரி சத்தம் போட்டார். துணை மேயரையும் விடவில்லை. "ஐயா, இங்க பதவிக்கெல்லாம் விலக்கு கிடையாது. கழட்டுங்க." அவர் காலுறையில் ஓட்டை.

நவம்பர் 5

டினெக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். "தரை எழும்பி நிக்குது. இப்பவே வா."

போனேன். பலகைகள் ஓரம் தூக்கி ஓடம் மாதிரி வளைந்திருக்கின்றன. ஈரக் கம்பளி வாடை. தரைக்கு அடிப்பூச்சு போட்ட நிறுவனம் சரியாகப் பூசவில்லை என்றேன். சுவரில் கசிந்திருக்கும், காற்றோட்டம் போதாது என்றும் சொன்னேன்.

ஹம்ப்ரி ஒரு பலகையை நெம்பித் தூக்கிக் காட்டினார். கீழே தண்ணீர் தேங்கி நின்றது.

"சுவர்லருந்தா வருது? நீ படிச்சவன், நீயே சொல்லு."

எரிச்சலாக இருந்தது. அளக்காமல் பேச எனக்குப் பிடிக்காது. ஆனால் இன்று நான் செய்தது அதைத்தான்.

நவம்பர் 7

கூடத்து வாசலில் இருக்கும் நிலத்தடி நீர் அளவைக் குழாயைத் திறந்து நாடாவை இறக்கினேன். 96. மறுபடி இறக்கினேன். 96. தெருக்கோடியில் இருக்கும் இன்னொரு குழாயிலும் பார்த்தேன். 94.

நூற்று நாற்பதில் இருந்த தண்ணீர் தொண்ணூற்றாறில். தரைக்கு மேலே பதினான்கு சென்டிமீட்டர். மழைக்காலம்தான், ஆனால் மழைக்கு இவ்வளவு ஏறாது.

நவம்பர் 8

கண்டுபிடித்துவிட்டேன். எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை, என் அறிக்கையிலேயே இருக்கிறது. பக்கம் 3. பழைய குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு நான் எழுதியது: "எல்லா இணைப்புகளிலும் நிலத்தடி நீர் உட்புகுகிறது. உடனே மாற்ற வேண்டும்."

உட்புகுகிறது. அப்படியென்றால் அறுபது வருடமாக அந்த ஓட்டைக் குழாய்தான் தெருவின் நீரை இழுத்துக்கொண்டிருந்தது. அது இழுத்துக்கொண்டிருந்தபோதே போய் அளந்துவிட்டு, இதுதான் இயற்கையான மட்டம் என்று முடிவுகட்டினேன். பிறகு ஓட்டையை அடைத்தேன். பிறகு, ஓட்டையின் வேலையைச் செய்யவேண்டிய வடிகாலையும் நானே நீக்கினேன்.

என்னடா பண்ணி வச்சிருக்க? முதல் வருஷப் பாடம்டா இது. ஒரு பிள்ளைகிட்ட கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும் — தண்ணி எங்கடா போவும்?

மூன்று வாரம் மிச்சமாம்.

நவம்பர் 11

எவர்ட்டிடம் போய் அறிக்கையை மேசையில் வைத்துச் சொன்னேன். படித்தார். கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"எழுதி யாருக்காவது அனுப்பினியா?"

"இல்ல."

"நல்லது. வெளி நிறுவனம் ஒண்ணை விட்டு ஆராயச் சொல்வோம்."

"அதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"ஒரு வருஷம். முன்னப்பின்ன."

"எதை ஆராயறதுக்கு? பதில்தான் மேசையில கிடக்கே."

"யெல்லெ, நீ நல்லாக் கணக்குப் போடுவ. எப்ப வாயை மூடணும்னு மட்டும் உனக்குத் தெரியல."

கணக்கையும் நன்றாகப் போடவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நவம்பர் 19

டினெக்கே ஒரு கடிதத்தின் நகலை அனுப்பியிருக்கிறார். நகராட்சியின் கட்டடப் பிரிவு யோசனை சொல்கிறதாம்: நிலவறையை மணல் கொட்டி நிரப்பி மூடிவிடலாம், குத்துச்சண்டைக் கழகம் சுற்றுச்சாலை விளையாட்டரங்குக்குப் போகலாம். டிசம்பர் 2 கூட்டத்தில் முடிவு.

கடிதத்தின் கீழே டினெக்கே தன் கையால் எழுதியிருக்கிறார்: "நாற்பத்தாறு பேர். பாதிப்பேர் பெண்கள். மேலே பிள்ளைகளை வீட்டுப்பாட வகுப்பில் விட்டுவிட்டுக் கீழே வருகிறவர்கள். சுற்றுச்சாலைக்கு ஒருத்தியும் போகமாட்டாள்."

மணல் கொட்டிவிட்டால் பிறகு யார் என்ன ஆராய்ந்தால் என்ன?

நவம்பர் 27

ஆராய்ச்சிக்கு இன்னும் நிறுவனமே தேர்ந்தெடுக்கவில்லை. கேட்டேன்.

டிசம்பர் 2

சொல்லிவிட்டேன்.

எவர்ட் முன்வரிசையில் இருந்தார். கட்டடப் பிரிவுக்காரர், காரணம் இன்னும் தெரியவில்லை, பாதுகாப்பை உத்தேசித்துத்தான் மணல் என்று பேசி முடித்தார். நான் கையைத் தூக்கினேன். காரணம் தெரியும், நான்தான் என்றேன். பழைய குழாய், புதுக் குழாய், நீக்கிய வடிகால், 140, 96. நான்கு நிமிடம் ஆனது. படங்கள் இல்லை. வடிகாலைப் போட்டால் தண்ணீர் இறங்கும், நிலவறையை மூடவேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

முதலில் எழுந்தது ஹம்ப்ரி.

"அன்னைக்கு நிச்சயமான்னு கேட்டேன். நானே அளந்தேன்னியே."

"அளந்தேன். தப்பான நேரத்துல அளந்தேன்."

"அந்தத் தரையை நாங்க ஒவ்வொரு பலகையா இழைச்சோம், தெரியுமா உனக்கு? ரெண்டு மாசம். ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"தெரியாது."

"தெரியாதாம்!" பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா, ஒரு மன்னிப்பு கேக்க வரல இவனுக்கு."

மன்னிப்புக் கேட்டேன். கேட்ட பிறகுதான் அதுவரை கேட்டிருக்கவில்லை என்றே உறைத்தது.

யாரோ கேட்டார்: "அப்போ தெருவை மறுபடி தோண்டணுமா?" ஆமாம் என்றேன். அதற்குத்தான் பெரிய கூச்சல். டினெக்கே மேசையைத் தட்டி, "ஒவ்வொருத்தரா திட்டுங்க, குறிப்பு எழுதணும்" என்றார்.

மணல் யோசனை ஒத்திவைக்கப்பட்டது. நான் வெளியே வருவதற்குள் எவர்ட் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 10

அடுத்து எனக்கு வரவிருந்த ரயில்நிலையப் பகுதித் திட்டம் இனி எனக்கு இல்லை. சக ஊழியர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். லிந்தன் தெரு வடிகால் என் தலையில். "நீ ஆரம்பிச்சத நீயே முடி" என்றார் எவர்ட். பிறகு, கதவருகே போனவர் திரும்பி, "அந்த வடிகாலை நீக்குன தாள்ல என் கையெழுத்தும்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

பிப்ரவரி 17

தெருவை மறுபடி திறந்தோம். தெருவில் பாவிய செங்கற்களுக்கு எட்டே மாதம் வயது. ஆறாம் எண் வீட்டுச் சன்னலில் ஓர் அட்டை: "மூன்றாம் முறை எப்போது?"

பிப்ரவரி 26

மழை. பள்ளம் சரிந்தது. யாருக்கும் அடியில்லை. இரண்டு நாள் தாமதம்.

மார்ச் 28

வடிகால் வேலை செய்கிறது. 119. தரைக்குக் கீழே ஒன்பது சென்டிமீட்டர். ஹம்ப்ரிக்கு எண்ணை மட்டும் குறுஞ்செய்தியில் அனுப்பினேன். ஏப்ரல் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் எதுவும் சொல்லவேண்டும்.

மே 12

நான்கு வாரமாகத் தண்ணீர் 131-க்கு மேலே ஏறவே இல்லை. நிலவறையை இன்று திறந்துவிட்டார்கள். மரத்தரை போய்விட்டது. அதைப் போட மறுபடி யாருக்கும் தெம்பில்லை. கான்கிரீட்டின் மேல் ரப்பர் விரிப்பு. கடைசி அளவை டினெக்கேயிடம் கொடுக்கத்தான் போனேன். படியில் ஹம்ப்ரி நின்றுகொண்டிருந்தார்.

"செருப்பு."

கழற்றினேன். கீழே பத்துப் பன்னிரண்டு பேர். குத்திப் பழகும் பைகளில் ஒன்றைத் தொங்கவிடக் கொக்கி இன்னும் வரவில்லை, யாராவது நிமிர்த்தி அணைத்துப் பிடிக்கவேண்டும். ஹம்ப்ரி என் கையைப் பிடித்து இழுத்து அதன் பின்னால் நிறுத்தினார். எதிரே கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பெண். பதினான்காம் எண் வீடாம், பெயர் நாதியா.

"தெருவை ரெண்டு தடவை தோண்டினது நீதானே?"

"ஆமா."

"என் வாசல்ல மட்டும் பதினோரு வாரம் பலகை போட்டு நடந்தேன். குழந்தை வண்டியோட."

"தெரியும்."

"நல்லது. கெட்டியாப் பிடிச்சுக்க."