உங்க புது லேப்டாப்பும் மழையில நின்ன அப்பாவும்

என்னங்க,

கிளினிக் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன்.

புது கேமிங் லேப்டாப் எப்படின்னு மூணு நாளா கேக்கறீங்களே, சொல்றேன். பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் அடிக்கத்தான்னு வாங்கினீங்க. இன்னும் ஒரு கேள்விகூட அடிக்கல. கீபோர்டு சர்க்கஸ் கூடாரம் மாதிரி கலர் கலரா மின்னுது. ஆட்டம் ஆரம்பிச்சா மாவு மில் மாதிரி இரையுது. மடியில வெச்சா தொடை வெந்துடும், இதுக்குப் பேரு மடிக்கணினியாம்.

நேத்து சாயங்காலம் எங்கப்பா மழையில அரைமணி நேரம் பெல் அடிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டார். நீங்க உள்ளதான் இருந்தீங்க, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, யாரோ ஒரு அரக்கனை வெட்டிக்கிட்டு. "மாப்பிள்ளை வெளிய போயிருப்பார்மா"ன்னு அவரே போன்ல உங்களுக்காகப் பரிஞ்சு பேசினார். நானும் ஆமாம்னுட்டேன். அப்பாகிட்ட அப்படிப் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சேன்னுதான் எனக்கு மனசு ஆறல.

இன்னிக்கு உங்களுக்கு லீவுதானே, பதினோரு மணிக்கு அப்பா மறுபடி வரார். கதவைத் திறங்க.

பி.கு: சார்ஜரைத் தேடாதீங்க, என் கைப்பையில இருக்கு. அது இல்லாம ஒரு மணி நேரம்கூடத் தாங்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்பா சாயங்காலம் வரைக்கும் இருப்பார். பேசிக்கிட்டு இருங்க.