தொலைஞ்ச மெயிலும் தொலையாத மெயிலும்

மச்சான்,

சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு, வெஞ்சனம் அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். தோல் மண்டிச் சாவி ஆணியில தொங்குது.

கம்ப்யூட்டர்ல அப்டேட் போட்டு உங்க ஆர்டர் மெயிலையெல்லாம் நான்தான் அழிச்சேன்னு ரெண்டு நாளா பேசாம இருக்கீங்க. அப்டேட் காலி பண்ணது குப்பைத் தொட்டிய மட்டும்தான். படிச்சதையெல்லாம் முடிஞ்ச கணக்கா அதுக்குள்ள போட்டு வச்சது நீங்க. பழைய பேக்கப்ல இருந்து அம்புட்டையும் எடுத்துட்டேன்.

போன மாசம் கோவிச்சுக்கிட்டு சேவுகம்பட்டியில அம்மா வீட்ல இருந்தப்ப நான் அனுப்புன மூணு மெயில் மட்டும் தொலையவே இல்ல. திறக்காம இன்பாக்ஸ்லயே பத்திரமா இருக்கு.

ஷாஹினா

இடமில்ல, ஓரத்துல எழுதுறேன்: இப்பவும் அங்கதான் போறேன். எப்ப வருவேன்னு மெயில் போட்டிருக்கேன்.