துரைக்கு நான் ஆக்கிப் போட்டது

மார்ச் 4, செவ்வாய்

இன்று அக்கா வீட்டில் ஒரு பிரசங்கமே செய்துவிட்டு வந்தேன். அக்கா மகள் தன் நாய்க்குத் தீனி அளந்துகொண்டிருந்தாள். குவளை விளிம்பை விரலால் தடவி, சரியாக மட்டம் பார்த்து. கண் தெரியாதவள் என்று யாராவது சொல்ல முடியுமா? தீனி தட்டில் கடகடவென்று விழுந்தது.

"என்னம்மா இது, ரோடு போடற ஜல்லி மாதிரி இருக்கு?"

பையைத் திருப்பி வாசித்தேன். 'இறைச்சி உபபொருட்கள்' என்று போட்டிருந்தது. போதாதா எனக்கு?

"உபபொருள்னா என்ன தெரியுமா? கொம்பு, குளம்பு, இறகு, அலகு! மாமா இருபது வருஷமா இந்தத் தொழில்லயே கிடக்கேன், எனக்குத் தெரியாதா?"

இருபது வருஷம் என்றது கொஞ்சம் கூடுதல். எங்கள் இறைச்சிக் கூடத்தில் மாடு மட்டும்தான், இறகையும் அலகையும் நான் கண்டதில்லை. பேச்சு வேகத்தில் வந்துவிட்டது. ஆனால் அவள் முகம் வாடியதைப் பார்த்ததும், சொன்னது எல்லாம் உண்மை மாதிரி எனக்கே தோன்றியது.

"ஸ்கூல்ல அந்தப் பையைத் தவிர வேற எதுவும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மாமா" என்றாள். துரையைப் பழக்கிக் கொடுத்த நாய்ப் பள்ளியைச் சொல்கிறாள்.

"அவங்ககிட்ட நீ ஏன் சொல்ற? துரைக்கு இனிமே மாமா கையால சாப்பாடு."

துரை என்று பெயர் வைத்தது நான்தான். அந்த நடை அப்படி. அவளை ஆபீசுக்கு அழைத்துப் போகும்போது பார்க்க வேண்டும், ஊரையே விலைக்கு வாங்கப் போகிறவன் மாதிரி இருக்கும். படி வந்தால் நிற்பான், வண்டி வந்தால் குறுக்கே நிற்பான். அவன் வந்த பிறகுதான் அவள் தனியாக வேலைக்குப் போகிறாள். அதற்கு முன்னால் அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டு வருவாள். போன் எடுக்கும் வேலைதான், ஆனாலும் சொந்தச் சம்பளம்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று கூடத்திலிருந்து கழுத்துத் துண்டுகளும் நுரையீரலும் மண்ணீரலும் கொண்டுவந்தேன். எங்கள் கூடத்தில் எல்லாம் என் கையில்தான். சரி, மேஸ்திரிக்கு அடுத்தபடி நான்தான். சரி, நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

தொண்டையை வெட்டும்போது மூச்சுக்குழலின் இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டிக் கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட வேண்டும் என்பது கூடத்துச் சட்டம். மேஸ்திரி நேற்றும் சொன்னார்: "எடுத்துட்டுப் போ, வேண்டாங்கல. அந்தக் கட்டியை மட்டும் எடுத்துப் போட்டுரு. நாய்க்கும் ஆகாது."

"ஏன் ஆகாது?"

"ஆகாதுன்னா ஆகாதுய்யா. உனக்கு எல்லாத்துக்கும் வெளக்கம் வேணுமா?"

அவருக்கே காரணம் தெரியவில்லை பாருங்கள்! நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் (பள்ளிக்கூடம்தான் என்னைப் பிரிய முடியாமல் அழுதது), ஆனால் சதையைத் தொட்டுப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு கொழுகொழு என்று இருக்கிறது, சத்தே அங்கேதான் இருக்கும். அதைப் போய்த் தொட்டியில் போடுவதா? எல்லாவற்றையும் சேர்த்து வேகவைத்தேன். நுரையீரல், மண்ணீரல், தொண்டை, கட்டி, எல்லாம். குழையக் குழைய வெந்தது. மசித்து டப்பாக்களில் அடைத்து அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த வாடைக்கு நான் வீட்டை விட்டே போயிடுவேன்டா" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

தட்டையே தின்றுவிடுவான் போல நக்கினானாம். ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

துரையைப் பார்க்க வேண்டுமே! குட்டி மாதிரி ஆகிவிட்டான். ஒரு இடத்தில் உட்காருவதில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே இருக்கிறான். டீக்கடையில் சொன்னேன். எதிர்வீட்டு டிரைவர் தன் நாய்க்கும் ஒரு டப்பா கேட்டார். இப்போது வாராவாரம் அவருக்கும் சேர்த்து ஆக்குகிறேன். ஊரே கேட்கிறது என்று கூடத்தில் சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். துரைக்கு விலா எலும்பு தெரிகிறதாம். வாளித் தண்ணீரையும் குடித்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே ஈரம் செய்துவிடுகிறானாம். வெயில் இல்லாத நேரத்திலும் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறான்.

"திங்கறது எல்லாம் எங்கடா போகுது?" என்றாள்.

"கொழுப்பு கரைஞ்சு உடம்பு இறுகுதுக்கா. பயில்வான் உடம்பு."

 அக்கா மகள் அவன் முதுகையும் விலாவையும் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "கயித்தை இழுக்கறான் மாமா. முன்ன இழுக்க மாட்டான்" என்றாள்.

"வீரியம்மா அது" என்றேன். இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் கை அவன் விலாவில் நின்ற இடம் ஏனோ கண்ணிலேயே நிற்கிறது.

ஏப்ரல் 23, புதன்

அடிபட்டுவிட்டது. அவளுக்கு.

பெரிய ரோட்டு முனையில் துரை நிற்கவில்லை. நிற்க வேண்டிய இடம், தினமும் நிற்கிற இடம். எதையோ பார்த்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். ஸ்கூட்டர்காரன் பிரேக் போட்டும் முடியவில்லை. அவளுக்கு மணிக்கட்டு முறிவு, முழங்காலில் தோல் போய்விட்டது. துரைமேல் வண்டி சாய்ந்திருக்கிறது. காயம் பெரிதாக இல்லை, ஆனால் ரோட்டோரத்தில் சுருண்டு படுத்தவன் எழுந்திருக்கவே இல்லையாம்.

ஆஸ்பத்திரியில் அவள் முதலில் கேட்டது, "துரை எங்க?"

ஸ்கூட்டர்காரனைத் திட்டினேன். ரோடு போட்டவனைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வெளியே போய் நின்றேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

நாய் டாக்டரிடம் போனோம். கட்டுப் போட்ட கையோடு அவளும் வந்தாள். டாக்டரம்மா துரையின் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

அக்கா மகள் சட்டென்று, "ஸ்கூல்ல சொன்ன பைத் தீனிதான் டாக்டர்" என்றாள்.

எனக்காகப் பொய் சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்த பொய்.  வாய் ஓயாமல் பேசுகிறவன், பேச வேண்டிய இடத்தில் வாயில் கொழுக்கட்டை.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் முகம் மாறிவிட்டது. "தைராய்டு எகிறி நிக்குது. நாய்க்கு இப்படி சும்மா ஏறாது. கழுத்து இறைச்சி, தொண்டை ஏதாவது போட்டீங்களா?"

அப்போதும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "முதல் தரமான கறி டாக்டர், நானே நின்னு வேகவெச்சேன், ஒரு கிருமி இருக்காது."

"கிருமி சாகும். இது கிருமி இல்லையே. மாட்டோட தைராய்டு ஒரு கட்டியா தொண்டையில ஒட்டிட்டிருக்கும். வேகவெச்சாலும் அதோட வேலை போகாது. தினமும் நீங்க அவனுக்குத் தைராய்டு மாத்திரை போட்டிருக்கீங்க, அளவே இல்லாம. நெஞ்சு படபடன்னு அடிக்கும், தண்ணி தண்ணின்னு அலையும், ஓரிடத்துல நிக்க முடியாது. அவன் எப்படி ரோட்டு முனையில நிப்பான்?"

"அந்தப் பையில மட்டும் என்ன வாழுது..." என்று ஆரம்பித்தேன்.

"நுரையீரலும் மண்ணீரலும் நாய்க்குக் கெட்டது இல்லை. நல்ல கம்பெனின்னா எதை எடுத்துட்டு எதை அரைக்கணும்னு பார்த்து அரைப்பாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சொன்னார்கள்.

அக்கா மகள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அந்தக் கட்டிய எடுக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

தெரியும்மா என்றேன். அலங்காரம் எதுவும் சேர்க்காமல் நான் சொன்ன ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 26, சனி

டிரைவர் வீட்டில் மீதியிருந்த டப்பாவை வாங்கி வந்து கொட்டினேன். ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திய விதம் எனக்குத் தகும்.

மே 6, செவ்வாய்

நாய்ப் பள்ளியிலிருந்து பயிற்சிக்காரர் வந்தார். தீனியை மாற்றி மறைத்ததை அவளே ஒப்புக்கொண்டாள், முழுப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டு. "இல்ல சார், நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்று குறுக்கே விழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. துரையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். வண்டிக் கதவு மூடும் சத்தம் கேட்டும் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். அக்கா வந்து, "உள்ள வாம்மா" என்று தோளைத் தொட்டாள்.

மே 7, புதன்

என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 2, திங்கள்

நல்ல செய்தி என்றுதான் அக்கா ஆரம்பித்தாள். பழைய தீனிக்கு மாற்றியதும் துரைக்கு ரத்தம் சரியாகிவிட்டது. சதை பிடித்துவிட்டது. ஓரிடத்தில் படுத்துத் தூங்குகிறான்.

ஆனால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிடுகிறானாம். எவ்வளவு கூப்பிட்டாலும் எழுவதில்லை. பழக்கிப் பார்த்தார்கள், பயம் போகவில்லை. இனி அவன் யாருக்கும் வழிகாட்ட முடியாது. தோட்டம் வைத்திருக்கிற ஒரு ஆசிரியர் தம்பதி வளர்க்க வாங்கிக்கொண்டார்களாம். அடுத்த நாய்க்கு அவள் வரிசையில் நிற்க வேண்டும். எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம்.

ரத்தம் சரியாயிடுச்சே, அப்புறம் என்ன? எத்தனை தடவை கேட்டாலும் நானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்புக்குள் போனதை நிறுத்திவிட்டார்கள். ரோட்டில் நடந்ததை எப்படி நிறுத்துவது?

ஜூன் 16, திங்கள்

அவள் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இன்று மறுபடி வேலைக்குப் போனாள். அக்காவுக்கு முழங்கால் வலி, அதனால் கூடத்தில் சொல்லி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு நான் போனேன்.

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வந்தாள். அவளுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று பேசிக்கொண்டே போனேன். இந்தத் தெருவில் என்னைத் தெரியாதவர்களே இல்லை என்றேன். கடைக்காரர் வணக்கம் சொன்னார் என்றேன், சொல்லவில்லை. பெரிய ரோட்டு முனை வந்ததும் இன்னும் வேகமாகப் பேசினேன்.

"மாமா."

"என்னம்மா?"

"கொஞ்சம் பேசாம வாங்க மாமா. ரோடு காதுல விழல."

கோபமாகச் சொல்லவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, வண்டிகள் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்தேன். ரோடு இப்போது காலியாக இருந்தது. ஆனாலும் அவளாக என் கையை அழுத்தும் வரை நான் காலை எடுத்து வைக்கவில்லை.