கடல் மீது போட்ட பழி

கல்முனைக்குடி
2010 பெப்ரவரி

அன்புள்ள மகன் முஸ்தாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், கத்தார்க் குளிரில் உன் நெஞ்சுச் சளி மாறியிருக்கும் என்று நம்புகிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை, வெள்ளாமையும் இந்த முறை மழையில் படுத்துவிட்டது. வழக்கைப் பற்றி அவர் உனக்குப் போனில் பாதிதான் சொல்லியிருப்பார், மீதியை நான் எழுதுகிறேன்.

சண்டை முடிவதற்கு முந்திய வருடம் காலில் ஆணி குத்திக் கிருமி ஏறி வார்டில் கிடந்தபோது போட்ட ஊசியால்தான் என் இரண்டு காதும் போனது என்பது உனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெரியநீலாவணை நேசம்மாவுக்கும் அதே ஊசி, அதே கதி. மிஞ்சியிருந்த ஊசி மருந்தைக் கொழும்பில் சோதித்தபோது போத்தலில் எழுதியிருந்ததை விட மருந்தின் கடுமை கூடுதல் என்று அறிக்கை வந்தது, அதை வைத்துத்தான் றஸாக் லோயர் எங்கள் இருவருக்காகவும் மருந்துக் கொம்பனி மேல் வழக்குப் போட்டார். கொம்பனிக்காகக் கொழும்பிலிருந்து வந்த லோயரோ மருந்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை. சுனாமித் தண்ணீர் புகுந்து அப்போதே எனக்குக் காது கேட்காமல் போய்விட்டது, அதற்குப் பிறகு ஆட்களின் வாயைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னார். அதை றஸாக் லோயர் தாளில் எழுதிக் காட்டினார். நான் எழும்பி நின்று, "கடல் எண்ட மகளக் கொண்டு போச்சு ஐயா. எண்ட காதக் கொண்டு போகல்ல" என்றேன். என்ன சத்தத்தில் சொன்னேனோ தெரியாது, நீதிபதி முதற்கொண்டு கோட்டில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு கொம்பனி ஆட்கள் எங்களை வெளியே கூப்பிட்டு, காது போனது சுனாமியால்தான் என்று கையெழுத்து வைத்தால் ஒரு தொகை தருவதாகத் தாளில் எழுதிக் காட்டினார்கள். நான் மாட்டேன் என்றேன். நேசம்மா வைத்துவிட்டாள். தோணி கடலோடு போனதிலிருந்து அவளுடைய புருஷன் கூலிக்குத்தான் வலை இழுக்கிறார், அவளை நான் ஏச மாட்டேன். கையெழுத்து வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள், சொன்னது அவளுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. போன வழக்குத் தவணையில் அவள் கையெழுத்து வைத்த தாளையே எனக்கு எதிராகத் தூக்கிக் காட்டினார்கள். ஒரே வார்டில் கிடந்தவளே கடல்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகு இவளுக்கு மட்டும் எப்படி ஊசியாகும் என்று கேட்டார்களாம். வாப்பாவும் அயலாரும் சொன்ன சாட்சியை, அவர்கள் என் முகத்துக்கு நேரே நின்று கதைத்தவர்கள் என்று தள்ளப் பார்க்கிறார்கள். அந்த வருடங்களில் என் முகம் பார்க்காமல் போனில் என்னோடு கதைத்தவன் நீ ஒருவன்தான் என்று றஸாக் லோயர் சொல்கிறார்.

அதனால்தான் கேட்கிறேன் மகன். கடல் கொண்டுபோன உன் தங்கச்சி சுஹறாவை அடக்கம் செய்த மறுநாள் நாங்கள் பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒருவருடைய போனுக்கு நீ எடுத்தாய். நீ ஒன்றும் கதைக்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு அழுதாய். லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்து அந்த மனிசன் போனை வாங்கக் கை நீட்டினார், லைன் போகவில்லை, மகன் அழுகிறான் என்று நான் சொன்னேன். நீயும் அதைக் கேட்டிருப்பாய். அவ்வளவு மெல்லிய அழுகை எனக்குக் கேட்டது. அதை நம் தூதரகத்துக்குப் போய்ச் சத்தியக்கடதாசியாக எழுதி அனுப்பு. கோட்டில் எல்லாருக்கும் முன்னால் வாசிப்பார்களே என்று வெட்கப்படாதே. ஒன்றையும் கூட்டி எழுத வேண்டாம், அழுததைக் குறைக்கவும் வேண்டாம். இதைக் கொடுத்தாலும் வெல்வோம் என்று லோயர் உறுதி சொல்லவில்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, சளிக்கு மருந்து எடுத்தால் என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டு எடு. வாப்பா சலாம் சொல்லச் சொன்னார். உன்னை அல்லாஹ் எல்லா முசீபத்திலிருந்தும் காப்பானாக. அடுத்த தவணை நோன்புக்கு முன்னால் வருகிறது, கடதாசி அதற்குள் கிடைக்க வேண்டும்.

உனக்காகத் துஆச் செய்யும் உம்மா,
சரீபா