செவ்வாயை நேரில் பார்த்தேன்

ஆவடி, செப்டம்பர் 1988

அப்பாவுக்கு வணக்கம்.

இத்தனை வருடம் எழுதாமல் இருந்தது போதும். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நேற்று பொழுது சாய்ந்ததும், குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில், உடன் வேலை செய்யும் கஜபதியின் தொலைநோக்கியில் செவ்வாயைப் பார்த்தேன். ஆரஞ்சு மிட்டாய் போல, ஓரத்தில் வெண்பனியோடு மிதந்தது. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"இன்னா சார், மாமனார் ஊடு தெரியுதா?" என்றான் கஜபதி. சிரித்துவிட்டேன்.

வடிவின் ஜாதகத்தில் இந்தச் செவ்வாயைக் காட்டித்தானே எங்கள் கல்யாணத்தை நிறுத்தினீர்கள்? அது அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் சொல்லி நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். ஒருவனுக்கு மட்டும் சமைத்தால் எதுவும் ருசிப்பதில்லை.

தபால் எடுக்கும் நேரம். கையெழுத்துப் போடாமலே அனுப்புகிறேன். போட்டால், அதற்கு மேலே 'உங்கள் அன்பு மகன்' என்று எழுத வேண்டும்.