காலநிலை காட்டாத செயலி

புத்தூர்,
வைகாசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் மகளும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும். ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே தபாலில் எழுதுகிறேன். எனக்கு உங்கள் மேல் கோபம். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

தோட்டத்தில் வெங்காயம் கிண்டி முடிந்தது. அம்மாவுக்குப் பிரஷர் ஏறி, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். எங்கள் தங்கச்சி தர்சிகா பங்குனிக்குப் பிறகு கம்பசுக்குப் போகவில்லை. புதுச் சட்டைகளைப் போட்டுப் பார்த்துத் தன் அறைக்குள் எடுத்த படங்கள், யாருக்கும் அனுப்பாத படங்கள், கூடப் படிக்கிற பொடியன்களின் போன்களில் கிடந்தால் எப்படிப் போவாள்? அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அவள் எடுத்தபடியால்தானே வெளியிலை போனது. படிப்பை நிப்பாட்டு. பொலிசிலை குடுத்த முறைப்பாட்டைத் திருப்பி வாங்கு" என்றீர்கள். அம்மா ஓம் என்றார். நான் மாட்டேன் என்றேன்.

நான் வேலை செய்வது யாழ்ப்பாணத்தில் றஜிதா அக்காவின் அலுவலகத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். வழக்குகளுக்காகக் கம்பியூட்டர்களையும் போன்களையும் ஆராய்ந்து அறிக்கை கொடுப்பது அவருடைய தொழில். நான் அறிக்கைகளைத் தட்டச்சுச் செய்கிறவள். எங்கள் சட்டத்தரணி தர்சிகாவின் போனை அங்கேதான் கொண்டுவந்தார். போனில் இருந்ததையெல்லாம் பிரதி எடுத்துத் திறந்தால், இலட்சக்கணக்கான பதிவுகள். ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாக நேரத்தை எழுதி வைத்திருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். றஜிதா அக்கா பேசினார்: "உப்பிடிக் கையாலை தேடினால் உன்ரை கண்தான் போகும். ஸ்கிரிப்ட் எழுதப் பழகு. தேடுறதை அது தேடட்டும், நீ யோசி."

பழகினேன். பைதன் என்ற கணினி மொழியில் சில வரிகளை எழுதிவிட்டால், கம்பியூட்டர் தானே எல்லாக் கோப்புகளையும் திறந்து, எந்தப் படம் எப்போது போனிலிருந்து வெளியே போனது என்று நேர வரிசையில் அடுக்கித் தரும். சொல்ல இலகு. வரியின் முன்னால் ஓர் இடைவெளி பிழைத்தாலும் ஓடாது. எத்தனை நாள் மேசையில் கையால் அடித்தேன்! உங்கள் சொல் ஞாபகம் வரும், திரும்ப இருந்து எழுதுவேன்.

முதல் தடவை ஓடியபோது, தர்சிகா வீட்டில் போனும் கையுமாக இருந்த நேரத்தில் படங்கள் போனதாகக் காட்டியது. அப்படியானால் அவளே அனுப்பியதாக ஆகிவிடும். றஜிதா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "உது எங்கடை நேரமோ, லண்டன் நேரமோ?" என்று கேட்டார். பதிவில் இருந்தது லண்டன் நேரம்; எங்கள் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்ட மறந்திருந்தேன். கூட்டி ஓட்டினேன். தர்சிகா கம்பசில் சோதனை எழுத மண்டபத்துக்குள் இருந்த நேரம் அது. போன் வெளியே பையில் கிடந்தது.

அனுப்பியது ஒரு காலநிலைச் செயலி. வெளியே முகிலும் சூரியனும். உள்ளே, போனில் இருப்பதையெல்லாம் களவாக அனுப்புகிற வேலை. அவளுடைய பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த போன் அது. உங்கள் சிநேகிதன் சுகிர்தன் தன் போன் கடையில் எல்லாம் சரிபண்ணிக் கொண்டுவந்து தந்த அன்றே அந்தச் செயலி உள்ளே இருந்திருக்கிறது. படங்கள் போய்ச் சேர்ந்த மின்னஞ்சல் முகவரிகள் இரண்டு. ஒன்று சுகிர்தனுடையது. மற்றது உங்களுடையது, அண்ணை.

எங்கள் வீட்டு விஷயம் என்பதால் நான் கண்டது செல்லாது. றஜிதா அக்கா புதுப் பிரதி எடுத்து, என் ஸ்கிரிப்டை வரி வரியாகச் சரிபார்த்து, தானே ஓட்டினார். அதே விடை. அதன் பிறகு பொலிசார் நீதிமன்ற உத்தரவோடு சுகிர்தனின் கடைக் கம்பியூட்டரை எடுத்தார்கள். பொடியன்களுக்குப் படங்கள் போனது அங்கிருந்துதான். தன்னைக் கேட்ட சுகிர்தனைக் கலியாணம் செய்யமாட்டேன் என்று தர்சிகா சொன்ன அதே கிழமை. இப்போது அவன், "அவளின்ரை அண்ணை சொல்லித்தான் செய்தனான்" என்கிறான்.

அவளைக் கவனிக்கத்தானே சொன்னேன் என்பீர்கள். உங்களை யார் கேட்டது? வளர்ந்த பிள்ளையின் அறைக்குள் களவாகப் பார்த்தீர்கள். அந்த அறைப் பூட்டின் திறப்பை இன்னொருவன் கையிலும் கொடுத்தீர்கள். பிறகு அவளையே குற்றம் சொன்னீர்கள். சட்டத்தரணி கேட்டபோது, "என்னை உதுக்குள்ளை இழுக்காதேங்கோ, என்ரை கனடாக் குடிவரவுப் பேப்பருக்குப் பிரச்சினை வரும்" என்றீர்களாம். நீங்கள் செய்யச் சொன்னது எது, அவன் தானாகச் செய்தது எது என்று வாக்குமூலம் தராவிட்டால், அவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளித்துத் தப்பிவிடுவான்.

அறிக்கையிலிருந்து உங்கள் முகவரியை எடுக்கச் சொல்லி றஜிதா அக்காவைக் கேள் என்று அம்மா அழுதார். கேட்கமாட்டேன் என்றுவிட்டேன்.

தர்சிகா இன்னும் நம்பவில்லை. "உவன் பொய் சொல்லுறான், அண்ணை அப்பிடிச் செய்யமாட்டார்" என்கிறாள். வருகிற மாதம் அறிக்கையை நீதிமன்றத்தில் வாசிப்பார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அதை அவள் கேட்கக்கூடாது. அதற்கு முன் உங்கள் வாயாலேயே அவளுக்குச் சொல்லுங்கள். அவள் திட்டுவாள். திட்டி முடியும்வரை கேளுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மகளுக்கு என் முத்தங்கள். அவள் நன்றாக வளரட்டும். எதுவென்றாலும் பயப்படாமல் உங்களிடம் வந்து சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
சிவகௌரி